புழு இல்லாத விறகு

என் தங்கை ரெங்கம்மாள் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். முப்பத்தோரு வயதில் கணவனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு, நான்கு வயதுப் பையனை நாற்றுப் பறித்தும் நடவு நட்டும் ஐடிஐ வரை படிக்க வைத்தாள். கொழுந்தன்மார் தங்களுக்கென்று நினைத்திருந்த மூன்றேகால் சென்ட் மனையை, தாலுகா அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்து, தன் பெயருக்குப் பட்டா மாற்றினாள். கஜா புயல் அடித்து ஓய்ந்த அன்றே பகல் பதினொரு மணிக்குத் தெருவில் முதல் உலையை வைத்தவள் அவள்தான். அதற்கப்புறம் வந்த மூன்று மழைக்காலத்திலும் அவள் அடுப்பில் ஒரு ஈர விறகு போனதில்லை. கடைசியாக, ஊர் கூடி அவள் தலையில் ஏற்றிய ஒரு பழியை, ஒரு கெட்ட வார்த்தை பேசாமல், தன் கையாலேயே இறக்கிக் கீழே வைத்தாள்.

கடைசியில் சொன்னதைத்தான் எழுதப்போகிறேன். நடந்து முடிந்த பிறகும் அதை நினைத்தால் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் பேராவூரணிக்குத் தெற்கே, கடலுக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் பட்டுக்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். எங்கள் வீட்டில் நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவள் விறகுக்குப் போனாள். அப்பாவும் அம்மாவும் வயல் வேலை முடிந்து வரும்போது உலை கொதித்தாக வேண்டும், அதற்கு யாராவது சுள்ளி பொறுக்கியாக வேண்டும். ஏழு வயதில் அந்த வேலை அவளிடம் வந்தது. அதை யாரும் திரும்பி வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் ரெங்கம்மாள் விறகைப் பொறுக்கியதோடு நிறுத்தவில்லை. விறகைத் தெரிந்துகொண்டாள். புளி காய்ந்துவிட்டால் கோடாலி துள்ளும், அதனால் பச்சையாக இருக்கும்போதே ஆப்பு அடித்துப் பிளப்பாள். பட்டையை உரித்துவிட்டுத்தான் அடுக்குவாள். பட்டைக்கு அடியில்தான் பூச்சி குடியேறும் என்பாள். எல்லாத் துண்டும் ஒரே நீளம், அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. அதற்கு மேல் நீளமானால் அடுப்பு வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்று, எரிகிற கட்டை கீழே விழும். நான் டேப் வைத்து அளந்து பார்த்திருக்கிறேன், ஒன்பதரை அங்குலம். கால் அங்குலம் கூட, குறைய. அவ்வளவுதான் வித்தியாசம்.

வைகாசியிலிருந்து ஆடி வரை வெயிலில் கிடக்கும். பிறகு இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பாள். ‘டங்’கென்று கேட்டால் கொட்டகைக்குள் போகும். மொத்தென்று கேட்டால் இன்னும் பதினைந்து நாள் வெயில். கொட்டகை என்றால் நான்கு கால், மேலே கீற்று. மூன்று பக்கமும் காற்றுக்குத் திறப்பு, மழை அடிக்கிற வடகிழக்கில் மட்டும் ஒரு தட்டி. தரையில் செங்கல், செங்கல்மேல் பனங்கட்டை, அதன்மேல் விறகு. கரையான் ஏறாமலிருக்க அடியில் சாம்பல். வாராவாரம் வெள்ளிக்கிழமை அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொண்டுபோய் அந்தச் செங்கலைச் சுற்றிக் கொட்டுவாள். பதினைந்து நாளுக்கு ஆகிற விறகு எப்போதும் அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டு இருக்கும்.

மகன் அரவிந்தன் திருப்பூரில் வேலைக்குப் போனதும் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தான். அதில் டீ போடுவாள். சோறு விறகில்தான். மருமகள் இசைவாணி வந்த புதிதில் கண் எரிகிறதென்று முணுமுணுத்தாளாம். காய்ந்த விறகு புகையாது, எரிகிறதென்றால் நீ ஊதுவது தப்பு என்று மாமியார் சொன்னாளாம். இப்போது இசைவாணியே அடுக்குகிறாள்.

புயலுக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடமெல்லாம் வானம். மின்சாரம் வர இருபத்திரண்டு நாள் ஆனது. சிலிண்டர் வண்டி வர வழியில்லை, ஊரில் எல்லார் விறகும் ஊறிக் கிடந்தது. பரண் விறகு மட்டும் காய்ந்திருந்தது. ரெங்கம்மாள் பெரிய அண்டாவை வாங்கி வந்து வாசலில் மூன்று கல் வைத்துத் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினாள். பரண் விறகு தீருவதற்குள் நனைந்த கொட்டகை விறகை அடுப்பைச் சுற்றி அடுக்கிக் காயவைத்துக்கொண்டாள். பதினேழு நாள் அந்த அண்டா இறங்கவில்லை. யார் யார் கிண்ணம் எடுத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே இருந்தேன். இங்கே எழுதவில்லை. எழுதினால் பின்னால் வருவதைப் படிக்கும்போது உங்களுக்கும் குமட்டும்.

ஊரில் பெரிய தோப்பு வைரக்கண்ணுவுடையது. தோப்புக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருக்கு மட்டும் நானூற்றுச் சொச்சம் மரம் சாய்ந்தது. சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்த ஆள் பிடிக்க வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். மரம் அறுக்கும் மிஷினை வைத்துத் துண்டு துண்டாக அறுத்து, ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவச விறகு என்று அறிவித்தார். பத்துத் துண்டு, இருபது துண்டு என்று டிராக்டரில் கொண்டுவந்து கொல்லையில் தள்ளினார்கள். மீதியை அவர் தோப்பை ஒட்டிய வாய்க்கால் கரையில் குவித்துவிட்டார்கள். பொங்கலுக்கு ஊர்க்காரர்கள் அவருக்குச் சால்வை போட்டார்கள். தன் தோப்புக் குப்பையை ஊர்க் கொல்லையில் கொட்டியதற்குச் சால்வை.

தென்னை மட்டை எரியும், பாளை எரியும், கொட்டாங்குச்சி எரியும். மரம் எரியாது. உள்ளே பூராவும் தண்ணீர் ஊறிய நார்ச் சோறு. ஒரு வருஷம் காயவைத்தாலும் புகைந்துகொண்டு கிடக்கும். ரெங்கம்மாள் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றபோது வேண்டாமென்று சொல்லிவிட்டாள். வைரக்கண்ணுவே இறங்கி வந்து, ஓசியில் கொடுத்தால்கூட வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். “ஒதி பெருத்தா உத்தரமாகுமாண்ணே? இது அடுப்புக்கு ஆகாது, எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாளாம். டிராக்டரில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது என் எண்ணம்.

அவள் தன் கொல்லையில் விழுந்த புளியையும் வேம்பையும் ஒரு மாதம் உட்கார்ந்து பிளந்தாள். மற்றவர்கள் இலவசக் கட்டையை இரண்டு நாள் அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள், கண்ணைக் கசக்கினார்கள், கொல்லைக் கோடியில் உருட்டிவிட்டார்கள். அதன்மேல் சாணி, அதன்மேல் வாழைச் சருகு, அதன்மேல் கழுவுநீர். மூன்று வருஷம். நான் போகும்போதெல்லாம் அந்த நாற்றம் பஸ் நிறுத்தத்திலேயே வரவேற்கும்.

புயலுக்கு அடுத்த வருஷம் எல்லாரும் புதுக் கன்று வைத்தார்கள். 2021 கடைசியில் கன்றுகள் பட்டுப்போகத் தொடங்கின. விரிந்த ஓலையைப் பார்த்தால் என் கடையில் துணி வெட்டியது போல முக்கோணம் முக்கோணமாக நறுக்கியிருக்கும். கொம்பு வண்டின் வேலை. நெற்றியில் காண்டாமிருகம் மாதிரி ஒற்றைக் கொம்பு, கறுப்பு. ராத்திரி பறந்து வந்து குருத்தைக் குடைந்துவிடும். அதன் புழு மக்குகிற கட்டையிலும் எருக்குழியிலும் வளரும். இது அந்த ஊரில் தென்னை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தவர்கள்தான் தங்கள் கொல்லைக்குப் போகாமல் ரெங்கம்மாள் கொட்டகையை எட்டிப் பார்த்தார்கள்.

ஊரிலேயே பெரிய விறகு அடுக்கு அவளுடையதுதான். பதினான்கு அடி நீளம், நாலரை அடி உயரம், இரண்டு வரிசை. கட்டை இருக்கிற இடத்தில்தானே வண்டு பிறக்கும் என்று யாரோ ஆரம்பித்தார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்கள். தை மாசப் பாதிக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. எதிர்வீட்டுக்காரி, பதினேழு நாளும் முதல் ஆளாகக் கிண்ணம் நீட்டியவள், தன் கன்று பட்டுப்போனதற்கு ரெங்கம்மாள் வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

பிப்ரவரி 1, செவ்வாய்க்கிழமை, சங்கத்தார் எட்டுப் பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். வரப்போகிறார்கள் என்று இசைவாணி காலையிலேயே போன் செய்ததால் கடையைச் சாத்திவிட்டு நானும் வந்திருந்தேன். அவர்கள் வரும்போதே தாள் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள், மை டப்பாவும் கையோடு. தாளில் என்ன இருக்கிறது என்று ரெங்கம்மாள் கேட்டாள். ஊர் நன்மைக்குத்தான், கைநாட்டு வை, போதும் என்றார் வைரக்கண்ணு. இசைவாணி தாளை அவர் கையிலிருந்து உருவி வாசித்தாள். ரெங்கம்மாள் வீட்டு விறகில் உற்பத்தியான வண்டுகளால்தான் ஊர்க் கன்றுகள் அழிந்தன. அதற்கு அவளே பொறுப்பு. அந்த அடுக்கைக் கொளுத்த அவளுக்குச் சம்மதம். இனி அந்த மனையில் விறகு அடுக்க மாட்டாள்.

மூன்று வருஷ உழைப்பு போகும், அது ஒன்று. ஊரைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளோடு போகாது, பேரப்பிள்ளை வரை வரும். அது இன்னொன்று. அவள் இசைவாணியிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“இதுல எம்பேரு எது?”

இசைவாணி விரலை வைத்துக் காட்டினாள். ரெங்கம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்து வைரக்கண்ணுவிடம் நீட்டினாள்.

“எனக்குத் தெரியாம எம்பேர எழுதிட்டீங்க. சரி. பத்தாம் தேதி வரைக்கும் எனக்கு அறுப்பு வேலை இருக்கு. அன்னிக்கு ஊரக் கூட்டிக்கிட்டு வாங்க. அடுக்க நானே ஒண்ணொண்ணாப் பிரிச்சுக் காட்டுறேன். அதுல ஒரு புழு இருந்தா நீங்க தீக்குச்சி தேட வேணாம், நானே வெக்கிறேன்.”

“ஒம்பது நாள்ல புழுவெல்லாம் பொறுக்கி எடுத்துருவியா?” என்று எட்டுப் பேரில் ஒருவர் கேட்டார்.

“நீ வேணா காவலுக்கு வந்து படுத்துக்கடா. கஞ்சி ஊத்துறேன். ஒனக்குத்தான் பழக்கமாச்சே.”

காவலுக்கு யாரும் வரவில்லை. அவளும் பகலெல்லாம் அறுப்புக்குப் போய்விட்டாள், கொட்டகைக்குக் கதவு கிடையாது. எனக்கு அப்போது தோன்றாதது ஒன்று உண்டு: புழுவை எடுக்க முடியாவிட்டாலும் வைக்க முடியும்.

பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ஊர் கூடியது. கல்யாணத்துக்கு வருவது போல வந்தார்கள். வைரக்கண்ணுவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உட்கார்ந்து வெற்றிலை போட்டு, அவள் கூட்டி வைத்திருந்த கொல்லையிலேயே துப்பிக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தென்கோடியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு துண்டையும் தட்டுவாள், புரட்டிக் காட்டுவாள், விரித்த சாக்கில் வைப்பாள். நான் எண்ணினேன். நானூறு வரை ஒரு பல்லி முட்டை, ஒரு பூரான். எண்ணூறு வரை ஒன்றுமில்லை. உளுத்த தூள்கூடக் கிடையாது. வந்தவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். ஏமாந்துபோன முகங்கள். புழு இல்லையே என்று வருத்தப்படுகிற முகத்தை மனிதர்களிடம் அன்றுதான் பார்த்தேன்.

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது துண்டை எடுத்ததும், வடகிழக்கு மூலையில், தட்டிக்கு ஒட்டினாற்போல, அடிவரிசையில், ஒரு தென்னங்கட்டை தெரிந்தது. உருண்டை. சாணி நிறத்தில் ஊறி உப்பியிருந்தது. முன்னால் நின்றவன் காலால் உதைத்தான். பிளந்து விழுந்தது. உள்ளே கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், வளைந்து, செம்மண் நிறத் தலையோடு. ஏழு. ஒன்று அவன் கால்மேல் விழுந்து நெளிந்தது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது பாருங்கள், நிம்மதிப் பெருமூச்சு. எதிர்வீட்டுக்காரி சாமியைக் கும்பிட்டாள்.

“என்ன ரெங்கம்மா, வீட்டுல தீப்பெட்டி இருக்கா, நான் தரட்டுமா?” என்றார் வைரக்கண்ணு.

நான் கத்தப்போனேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். குனிந்து, புழு நெளிகிற அந்தக் கட்டையின் பெரிய பாதியை இரண்டு கையாலும் எடுத்தாள். சாக்கில் வைத்தாள். பக்கத்தில் தன் விறகுத் துண்டு ஒன்றை வைத்தாள்.

“எல்லாரும் கிட்ட வாங்க. இதுல எது எஞ்சாமான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், அத விடுங்க.” கட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினாள். “மூணு வருசமா என் அடுக்குல கெடந்த கட்டைன்னா வாராவாரம் நான் கொட்டுற சாம்பல் அடியில ஒட்டியிருக்கணும். இதுல என்ன ஒட்டியிருக்கு?”

ஒட்டியிருந்தது அருகம்புல். பச்சையாக. வேரில் இருந்த சேறுகூட இன்னும் காயவில்லை.

புல்லைப் பார்த்தவர்கள் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். வைத்தவன் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். ஊரில் எல்லாக் கட்டையும் அதே மிஷினில் அறுத்தது என்பதால் யாரென்று என்னால் எழுத முடியாது. ஆனால் யார் வைத்தது என்று அந்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ரெங்கம்மாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் அந்தக் கட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு புழு அவள் தோளில் விழுந்தது. தட்டிவிட்டாள்.

“இது எங்கேருந்து வந்துச்சோ அங்க போயி வெச்சிரலாம். வாங்கண்ணே. நீங்க முன்னால நடங்க, ஒங்க எடந்தானே.”

வைரக்கண்ணு எழுந்திருக்கவில்லை. அவள் நடந்தாள். ஊர் பின்னால் போனது. வேடிக்கை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் போகிற கூட்டம் அது. வாய்க்கால் கரையில் மூன்று வருஷமாகக் கிடந்த குவியலுக்கு முன்னால் கட்டையை இறக்கி வைத்தாள். இசைவாணி மண்வெட்டி கொண்டுவந்திருந்தாள். அதை வாங்கி ஒரே கொத்து.

கட்டை என்று ஒன்று அங்கே இல்லை. ஈரத் தவிடு போல ஏதோ இருந்தது, அதற்குள் புழு. கொத்தின பள்ளம் தானாக மூடிக்கொண்டது, அவ்வளவு நெருக்கமாக நெளிந்தன. பக்கத்தில் தோல் உரியாத கூட்டுப்புழுக்கள், இன்னும் கொம்பு கறுக்காத வண்டுகள். அழுகிய முட்டையும் பழைய சாணியும் சேர்ந்த நாற்றம். எண்ணுவது என் பழக்கம். இருநூற்றுப் பன்னிரண்டில் விட்டுவிட்டு வாய்க்கால் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தேன். அந்தக் குவியலிலிருந்து முப்பது தப்படியில் வைரக்கண்ணுவின் சொந்தக் கன்றுகள் நின்றன, முக்கோணம் முக்கோணமாக நறுக்கிய ஓலையோடு.

அதற்கப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. யாரோ அடுத்தவன் கொல்லையைக் கொத்தினான், அவன் இவன் கொல்லையைக் கொத்தினான். எதிர்வீட்டில் மட்டும் ஒரு கூடைப் புழு. மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தன் அழுக்கைத் தானே கிளறிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. நமக்குத் தெரியாமப் போச்சே என்றார்கள். தெரியும்.

பகல் இரண்டு மணிக்குச் சங்கத்து நோட்டைக் கோயில் வாசலில் விரித்துத் தீர்மானம் எழுதினார்கள். தென்னங்கட்டைக் குவியல் எல்லாவற்றையும் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்துவது, வாய்க்கால் கரையிலிருந்து தொடங்குவது என்று எழுதி நிறுத்தினார்கள். ரெங்கம்மாள் இன்னொரு வரி வேண்டுமென்றாள். வைரக்கண்ணு, அதான் எல்லாரும் பார்த்துவிட்டார்களே, எழுத வேறு வேண்டுமா என்றார்.

“பழியத் தாள்ல எழுதிக்கிட்டு வந்தீங்கள்ல. இதையும் தாள்லயே எழுதுங்க.”

‘ரெங்கம்மாள் வீட்டு விறகில் புழு இல்லை என்று ஊர் நேரில் பார்த்தது’ என்று எழுதினார்கள். அவள் இசைவாணியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் முறை வந்ததும் எழுதியவர் பழக்கத்தில் மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை மூடிவிட்டுப் பேனாவைக் கேட்டாள்.

அறுப்பு முடிந்து வந்து ஒன்பது நாளும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் தன் பெயரை எழுதிப் பழகியதை இசைவாணி என்னிடம்கூடச் சொல்லவில்லை. ‘ள்’ மட்டும் மூன்று நாள் வாங்கியதாம். இப்போது நோட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, விறகு அடுக்குகிற மாதிரி ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்தாள். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் நிமிரவில்லை. கடைசிப் புள்ளியையும் வைத்துவிட்டு, தேதியையும் தானே போட வேண்டும் என்று இசைவாணியிடம் எண்களைக் கேட்டு எழுதினாள்: 10-2-2022.